பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி: கொயோட்டீஸ் அணியை ஊர் மாற்றியது சரிதானா?

எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரப் பக்கம் இருந்த ஐஸ் ஹாக்கி அணியான அரிசோனா கொயோட்டீஸ் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன், அதற்கே இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாலைவனத்தில் யாராவது ஐஸ் ஹாக்கி அணி நடத்துவார்களா, போனதே நல்லது என்று பாதிப் பேர் சொல்கிறீர்கள். 28 வருஷம் அந்த ஊரில் இருந்த அணியை இப்படித் தூக்கிக் கொடுக்கலாமா என்று மீதிப் பேர் கேட்கிறீர்கள். சரி, இன்றைக்கு இதை மட்டும் பேசுவோம்.

2024இல் அந்த அணி யூட்டா மாநிலத்துக்குப் போனது சரிதான், அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் "அந்த ஊர் சனத்துக்கு ஹாக்கி பிடிக்கவில்லை, அதனால்தான் போனது" என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் இருக்கிற கனடாவின் டொரொண்டோவில், எங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு விளையாடுகிற ஆஸ்டன் மாத்யூஸ் எங்கே வளர்ந்தவர்? அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில். சின்ன வயதில் கொயோட்டீஸ் ஆட்டம் பார்த்து ஹாக்கிக்கு வந்த பையன், 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கொயோட்டீஸ் மூட்டை கட்டிய அதே 2023-24 சீசனில் இங்கே 69 கோல் அடித்தார். அப்படி ஒரு பிள்ளையைத் தந்த ஊரைப் போய் ஹாக்கி தெரியாத ஊர் என்றால் எப்படி?

எனக்குத் தெரிந்து அந்த அணியின் கதை முழுக்க முழுக்க அரங்கத்தின் கதை. 1996இல் கனடாவின் வின்னிபெக் ஜெட்ஸ் அணியைத்தான் ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள், அது வின்னிபெக் சனத்தை அழவைத்த கதை. போன இடத்தில் கிடைத்தது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கம். கூடைப்பந்து மைதானம் 94 அடி நீளம், ஹாக்கி விளையாடுகிற ஐஸ் தளம், அதாவது ரிங்க், 200 அடி. இரண்டு மடங்குக்கும் மேல்! அதை உள்ளே திணித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து மேல்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே இருக்கிற கோல் கண்ணிலேயே படாது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு, கோல் விழுந்ததா இல்லையா என்று பக்கத்து ஆட்களின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஸ்காட்ஸ்டேலில் புதிதாகக் கட்டுவதாகத் திட்டம் போட்டார்கள், அது கைகூடவில்லை. 2003 டிசம்பரில் பக்கத்து ஊரான க்ளெண்டேல் போனார்கள். நல்ல அரங்கம்தான், ஆனால் அது நகரத்தின் மேற்கே, டிக்கெட் வாங்குகிற சனம் பெரும்பாலும் கிழக்கே. என் அக்கா மகன் ஸ்கார்பரோவில் ஹாக்கி பழகுகிறான், சனிக்கிழமை காலை 6 மணிக்கு ரிங்கில் நிற்க வேண்டும், குனிந்து அவனுடைய ஸ்கேட் கயிறை இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் என் விரல் மரத்துவிடும், ஆனாலும் போகிறேன், ஏனென்றால் ரிங்க் வீட்டிலிருந்து 10 நிமிஷம். அதுவே வேலை நாளில், சாயங்கால நெரிசலில், ஊரின் மறுகோடி என்றால் நானும் வாரத்துக்கு இரண்டு தடவை போக மாட்டேன். அதற்காக எனக்கு ஹாக்கி பிடிக்கவில்லை என்று எழுதிவிடுவீர்களா?

2009இல் அணி திவாலானது. பிளாக்பெர்ரி புகழ் ஜிம் பால்சிலி வாங்கி ஒன்டாரியோவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். இந்த அணிகள் எல்லாம் விளையாடுகிற லீக்கான என்.எச்.எல். நீதிமன்றத்தில் நின்று அதைத் தடுத்து, கடைசியில் தானே 14 கோடி டாலருக்கு அணியை வாங்கிக்கொண்டது. எனக்குக் கோபம் வருகிற இடமே இதுதான். அவ்வளவு போராடி அந்த ஊரில் நிறுத்தினீர்கள், சரி, அப்போதே அரங்கப் பிரச்சினையைத் தீர்த்திருக்க வேண்டாமா? அணியைத் தக்கவைக்க க்ளெண்டேல் நகராட்சி இரண்டு வருஷம், வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. அது அந்த ஊர் மக்களின் வரிப்பணம். நகராட்சிக்கு வெறுத்துப்போய் 2021இல் இனி குத்தகையை நீட்டிக்க மாட்டோம் என்று சொன்னதில் என்ன தப்பு?

அதற்குப் பிறகு அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முல்லட் அரீனா. ஏறக்குறைய 4,600 பேர் உட்காரலாம். உலகத்தின் முதல்தர லீக் ஆட்டம், கல்லூரி அரங்கத்தில்! 2023 மே மாதம் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற டெம்பி நகரத்தில், அணிக்குப் புது அரங்கம் கட்டலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். பழைய குப்பைமேட்டு நிலம் 46 ஏக்கரில் அரங்கம், கடைகள், வீடுகள் எல்லாம் சேர்த்து 210 கோடி டாலர் திட்டம். மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எப்போது வீடு மாற வேண்டும், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் விளையாட்டு வீரர்களை வைத்திருக்க முடியாது. அதனால்தான் போனது சரி என்கிறேன்.

2024 ஏப்ரல் 17, கடைசி ஆட்டம். எட்மண்டனை 5-2 என்று ஜெயித்தார்கள். நான் இங்கே நடு இரவு தாண்டி உட்கார்ந்து பார்த்தேன், ஆட்டம் முடிந்தும் சனம் எழுந்து போகவில்லை. மறுநாளே அணியை விற்று யூட்டாவுக்கு மாற்ற லீக் ஒப்புதல் கொடுத்துவிட்டது. வாங்கியவர் யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் ரையன் ஸ்மித், விலை 120 கோடி டாலர்.

இப்போது யூட்டா மாமத் என்று பெயர். சால்ட் லேக் சிட்டியில் விளையாடுகிற டெல்டா சென்டரும் கூடைப்பந்துக்குக் கட்டியதுதான், முதல் சீசனில் ஒரு பக்கத்துக் கோல் மட்டும் தெரிகிற இருக்கைகளைத் தனி விலை போட்டு விற்றார்கள். ஆனால் இங்கே அணியின் உரிமையாளரும் ஸ்மித், அரங்கமும் அவர் கையில், உடைத்துத் திருத்துகிற வேலையையும் ஆரம்பித்தாயிற்று. ஃபீனிக்ஸுக்கு 1996இல் கிடைக்காதது இதுதான்.

வின்னிபெக்குக்கு 15 வருஷம் கழித்து, 2011இல் அட்லாண்டா அணி வந்து சேர்ந்தது. ஃபீனிக்ஸுக்கும் ஒரு நாள் அணி வர வேண்டும், ஆனால் அரங்கம் எங்கே என்பதை முடிவு செய்துவிட்டு வரட்டும். அடுத்த வீடியோவில் க்யூபெக் நகரம் பற்றிப் பேசலாம், 1995இல் அணியை இழந்தார்கள், 2015இல் 18,000 பேர் உட்காரும் அரங்கம் திறந்தார்கள், இன்னும் காத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள், உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.