ஷாட்கன் குறி தவறுகிறதா? முதலில் கன்னத்தைக் கவனியுங்கள்

[திரையில்: சுடுவதற்கு இலக்காக வீசப்பட்டுப் பறக்கும் களிமண் தட்டு. ரவைக் கூட்டம், அதாவது ஷாட்கன் ஒரே வெடியில் அனுப்பும் சின்னச் சின்னக் குண்டுகள், அதற்கு மேலே கடந்துபோகிறது.]

ரைஃபிளில் குறி பார்க்க முன்குறி ஒன்று, பின்குறி ஒன்று இருக்கும். ஷாட்கன்னில் பெரும்பாலும் குழலின் நுனியில் பாசிமணி போல ஒரு சின்ன மணி மட்டும்தான். அப்போது பின்குறி எது? உங்கள் கண். அது எந்த உயரத்தில் நிற்கும் என்பதைக் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதியின்) மேல்விளிம்பில் கன்னம் பதியும் இடம்தான் முடிவு செய்கிறது.

[திரையில்: கட்டையில் அழுந்திய கன்னம், மிக நெருக்கத்தில்.]

கண்ணுக்கும் மணிக்கும் நடுவே சுமார் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுடும் நொடியில் தலை 1 சென்டிமீட்டர் எழும்பினால் போதும், 35 மீட்டர் தூரத்தில் ரவைக் கூட்டத்தின் நடு கிட்டத்தட்ட 39 சென்டிமீட்டர் மேலே போய்விடும். போட்டித் தட்டின் குறுக்களவோ 11 சென்டிமீட்டர். தட்டு உடைந்ததா என்று பார்க்கும் ஆவலில்தான் பலரும் தலையைத் தூக்குகிறார்கள்.

கட்டையின் நீளம் உடனே தெரிந்துவிடும். நீளம் அதிகமென்றால் தூக்கும்போது அக்குளில் சட்டையோடு மாட்டும். குறைந்தால், சுட்டதும் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும்.

சரி, உயரம் பொருந்துகிறதா? துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள். பாதுகாப்பான திசையில் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு கட்டையைக் கன்னத்துக்கும் தோளுக்கும் கொண்டுவாருங்கள். கட்டைதான் கன்னத்துக்கு வர வேண்டும், தலை அதைத் தேடிக் குனியக் கூடாது. இப்போது கண்ணைத் திறங்கள். குழலின் பின்பகுதி மணியை மறைத்தால் கண் தாழ்ந்திருக்கிறது. குழலின் மேல்பரப்பு நீளமாகத் தெரிந்தால் கண் உயர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் வேறு வேறாகத் தெரிந்தால் கட்டையைக் குறை சொல்லாதீர்கள். தூக்கும் பழக்கம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இரு பக்கமிருந்தும் வீசப்படும் தட்டுகளைச் சுடும் போட்டியான ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டு கண்ணில் படும்வரை கட்டை இடுப்பருகே இருக்க வேண்டும். அங்கே இந்தப் பழக்கம்தான் எல்லாம்.

[திரையில்: தட்டோடு சேர்ந்து நகரும் குழல், சட்டென நிற்கிறது.]

சுடும்போது குழலை நிறுத்துவது அடுத்த தவறு. ரவை 35 மீட்டர் போக ஏறக்குறைய 0.1 விநாடி ஆகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் தட்டு அதற்குள் 2 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். விசையை அழுத்திய பிறகும் குழல் நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

அப்புறம், சுடுதளத்தில் 15 மீட்டர் தூரத்தில் பெரிய தாள் ஒன்றைக் கட்டி, நடுவில் புள்ளி வையுங்கள். தூக்கியதும் தயங்காமல் சுடுங்கள், பல முறை. ரவைகளின் நடு எப்போதும் 2.5 சென்டிமீட்டர் தாழ்வாக விழுந்தால், கட்டையின் மேல்விளிம்பை 1.5 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். கட்டையின் மரத்தில் கை வைக்காமல், முதலில் அந்த விளிம்பில் அட்டைத்துண்டை டேப்பால் ஒட்டி மறுபடி சுட்டுப் பாருங்கள்.