பிலடெல்பியாவின் கத்தோலிக்க லீக்கும் பெண்கள் கூடைப்பந்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு விளையாட்டு லீக் இருக்கிறது. 1920-இல் தொடங்கியது. அதிலும் கூடைப்பந்து என்றால் ஊரே திரளும். இந்த லீக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆண்கள் அணிகளைத்தான் முதலில் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிற நான், அங்கே விளையாடிய பெண்களைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

அந்த நகரத்துக் கத்தோலிக்கர்களிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதைவிட எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரம், என்று கேட்பதுதான் வழக்கம். பங்குக் கோயிலை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கொரு சிறுவர் அணி, சிறுமியர் அணி. பத்து வயதில் பக்கத்துப் பங்குக்கு எதிராக ஆடிய பிள்ளை, உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் அன்று எதிரே ஆடிய பிள்ளையோடு ஒரே அணியில் நிற்கும். மைதானத்துக்கு வருகிற கூட்டமும் அப்படித்தான் சேர்கிறது: அத்தை, மாமா, பங்குத்தந்தை, பாடம் நடத்தும் சிஸ்டர்கள் எல்லோருமே ஆட்டம் பார்க்க வந்துவிடுவார்கள்.

ஆண்கள் ஆட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் நகரப் பட்டத்துக்காக வெஸ்ட் கத்தோலிக் பள்ளியும் ஓவர்புரூக் என்ற அரசுப் பள்ளியும் மோதின. ஓவர்புரூக்கில் ஏழடி உயர வில்ட் சேம்பர்லின் இருந்தார், பின்னாளில் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்தவர். வெஸ்ட் கத்தோலிக் பையன்கள் அவர் ஒருவரையே நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அப்படியும் அவர் 29 எடுத்தார். ஆனாலும் 54-42 என்று ஜெயித்தது வெஸ்ட் கத்தோலிக்.

இனி பெண்கள். நகரத்துக்கு மேற்கே இம்மாகுலாட்டா என்று ஒரு சின்ன மகளிர் கல்லூரி, மரியாவின் மாசற்ற இருதய சபை சிஸ்டர்கள் நடத்தியது. அதன் உடற்பயிற்சிக் கூடம் 1967-இல் எரிந்துபோனது. பிறகு பயிற்சியெல்லாம் மடத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். 1970-இல் பயிற்சியாளராக வந்த கேத்தி ரஷ் என்ற இளம் பெண்ணுக்கு வருடத்துக்கு 450 டாலர் சம்பளம். அவரிடம் இருந்ததெல்லாம் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆடி வளர்ந்த பெண்கள். கார்டினல் ஓஹாரா பள்ளியிலிருந்து தெரசா ஷாங்க். வீடு தீப்பிடித்து குடும்பம் தவித்ததால் தூரத்துக் கல்லூரிக்குப் போகாமல் பக்கத்திலேயே படிக்க வந்தவர். பின்னால் ஆர்ச்பிஷப் பிரெண்டர்காஸ்ட் பள்ளியிலிருந்து மரியான் க்ராஃபோர்ட். கல்லூரிக்கு வரும்போதே இவர்களுக்குக் கூட்டத்துக்கு முன்னால் ஆடிப் பழக்கம் இருந்தது. கேத்தி ரஷ்ஷுக்குப் பெரிய மூலதனம் அதுதான் என்பது என் எண்ணம்.

1972 மார்ச்சில் பெண்கள் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. பதினாறு அணிகளில் இம்மாகுலாட்டாவுக்குப் பதினைந்தாவது இடம் கொடுத்திருந்தார்கள். போய்வரக் காசில்லை, டூத்பிரஷ் விற்றுத் திரட்டினார்கள். அப்படியும் எட்டுப் பேர்தான் விமானம் ஏற முடிந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர். அந்த அணி சில நாள் முன்புதான் மண்டலப் போட்டியில் இவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தது. இந்தமுறை 52-48, பட்டம் இம்மாகுலாட்டாவுக்கு. 1973, 1974 என்று அடுத்தடுத்தும் அவர்களுக்கே. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது 1972 ஜூனில். அதாவது சட்டம் கையெழுத்தாகுமுன் இந்தப் பெண்கள் கோப்பையோடு வீடு திரும்பிவிட்டார்கள்.

ஒரு வீராங்கனையின் அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். கடையிலிருந்து வாளிகளையும் குச்சிகளையும் கொண்டுவந்து கொடுக்க, சிஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்து வாளியைத் தட்டித் தீர்த்தார்கள். எதிரணிக்குக் காது கேட்டிருக்காது! 1975-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள்.

அந்த அணியிலிருந்து கிளம்பியவர்கள் பந்தைக் கீழே வைக்கவில்லை. தெரசா ஷாங்க் 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். மரியான், ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார். அந்த அணியில் ஆடாமல், அதே வட்டாரப் பள்ளிகளில் தொடங்கியவர்களும் உண்டு. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு 2001-லும் 2018-லும் பட்டம் வாங்கித்தந்த மஃபெட் மெக்ரா, பயிற்சியாளராகக் கால் வைத்தது ஆர்ச்பிஷப் கேரல் பள்ளியில். கனெடிகட் பல்கலைக்கழகத்துக்கு 2025 வரை பன்னிரண்டு பட்டங்கள் குவித்த ஜீனோ ஆரியெம்மா, பிஷப் மெக்டெவிட் பள்ளிப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளராக ஆரம்பித்தவர். ஒரு வட்டாரத்தின் பள்ளி ஆட்டத்திலிருந்து இத்தனை பேர். பள்ளி அளவில் பெண்களுக்குச் சீரான ஒரு சீசன், தரமான பயிற்சி, பார்க்க வரும் ஆட்கள், இந்த மூன்றும் இருந்த இடம் அது. இந்த மூன்றையும் நம் பள்ளிகளில் கேட்டுக்கேட்டு நான் அலுத்ததில்லை.

வருத்தமான செய்தியும் உண்டு. கார்டினல் டாகெர்ட்டி பள்ளியில் ஒரு காலத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் படித்தார்கள். 2010-இல் மூடும்போது எழுநூறு பேர்கூட இல்லை. 2019-இல் டொராண்டோ அணியோடு என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் கோப்பையை வென்ற கைல் லௌரி அங்கே படித்தவர். ஆரியெம்மா தொடங்கிய மெக்டெவிட் 2021-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு, மகளிருக்கென்றே நடந்த ஹாலஹன் பள்ளியும் மூடப்பட்டது. மரியான் படித்த பிரெண்டர்காஸ்ட் பக்கத்திலிருந்த ஆண்கள் பள்ளியோடு இணைந்துவிட்டது. குடும்பங்கள் புறநகருக்குப் போயின, கற்பிக்க சிஸ்டர்கள் குறைந்தார்கள், கட்டணம் ஏறியது. கோப்பைகள் நிறைந்த அலமாரியால் ஒரு பள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை.

லீக் இன்னும் நடக்கிறது. 2008-இலிருந்து மாநிலப் பள்ளிகள் சங்கத்திலும் சேர்ந்து ஆடுகிறார்கள். இறுதிப் போட்டிகள் பெப்ரவரிக் கடைசியில், பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பலெஸ்ட்ரா அரங்கில். 1927-இல் திறந்த அரங்கம்; கூடைப்பந்தின் பேராலயம் என்றே அதை அழைப்பார்கள். அந்தப் பக்கம் பிள்ளையோ உறவினரோ இருக்கும் நேயர்கள் அப்போது அங்கே போக நேர்ந்தால், பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு முதல் விசிலுக்கே போய் உட்காருங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.