புயலைத் துரத்தினால் மார்க்கு! சிகாகோ பக்கத்தில் ஒரு விசித்திரக் காலேஜ்

மழை வலுத்தால் கலெக்டர் லீவு விடுவாரா என்று டிவி முன்னாலேயே தவம் கிடந்த கூட்டம் நாம். அமெரிக்காவில் ஒரு காலேஜ் இருக்கிறது. அங்கே டொர்னாடோ வரப்போகிறது என்றால் வாத்தியார் வேன் சாவியை எடுக்கிறார். தப்பி ஓடுவதற்கு அல்ல, அதைத் தேடிப் போவதற்கு! திரும்பி வந்தால் பாடத்தில் கிரெடிட்டும் உண்டு.

பெயர் காலேஜ் ஆஃப் டுபேஜ். சிகாகோவுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, கிளென் எலின் என்ற புறநகரில் இருக்கிறது.

போரடிக்கும் பகுதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், வீடியோவை ஓட்டிவிடாதீர்கள். இது ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர்க்காரர்கள் கட்டும் சொத்து வரியும் சேர்ந்து நடத்தும் அரசு காலேஜ். இரண்டு வருடம் படித்து அசோசியேட் டிகிரி வாங்கலாம், அந்த கிரெடிட்டோடு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், இல்லையென்றால் வெல்டிங், நர்சிங் என்று ஒரு தொழில் கற்கலாம். இங்கே ஹாஸ்டல் கிடையாது. அவ்வளவுதான்.

[திரையில்: நீண்ட வாலோடு ஓடும் ஒரு பறவை]

இந்தப் பறவைதான் காலேஜின் சின்னம். ரோடுரன்னர், இன்னொரு பெயர் சாப்பரல். பறப்பதைவிட ஓடுவதில் கெட்டி. இதை ஏன் பிடித்தார்கள் தெரியுமா? 1967 செப்டம்பரில் வகுப்பு தொடங்கியபோது காலேஜுக்குச் சொந்தக் கட்டடமே இல்லை. டிரெய்லர்களிலும், புறநகரெங்கும் வாடகைக்குப் பிடித்த இடங்களிலும் பாடம் நடந்தது. ஒரு வகுப்பு இந்த ஊரில், அடுத்தது அந்த ஊரில். மாணவரும் வாத்தியாரும் காரில் அலைந்த அலைச்சலில் வந்த பட்டப்பெயர் அது. முதல் நிரந்தரக் கட்டடம் 1973-இல்தான் வந்தது. கஷ்டகாலத்துப் பெயரை மறைக்காமல் ஜெர்ஸியிலேயே போட்டுக்கொண்டார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்றைய வளாகத்தில் ஒரு ஜாஸ் வானொலி நிலையம் ஓடுகிறது. போலீஸ், தீயணைப்புப் பயிற்சிக்காகக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பொய்த் தெரு அமைத்திருக்கிறார்கள். 2021-இல் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் 26 அசல் படைப்புகளைக் கொண்டுவந்து கண்காட்சி வைத்தார்கள். நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி இங்கே படித்தவர்.

சரி, வேனுக்கு வருவோம்.

வானிலைப் பேராசிரியர் பால் சிர்வாட்கா 1989-லேயே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வசந்தமும் கோடையும் சேரும் பருவத்தில் பல நாள் பயணம். கன்சாஸ், ஒக்லஹோமா, நெப்ராஸ்கா என்று நடு அமெரிக்காவின் சமவெளி முழுக்க வகுப்பறைதான்.

ஏன் அங்கே? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வடக்கே ஏறி வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து அதை முட்டுகிறது. தரையோரம் காற்று ஒரு திசையில் மெதுவாக வீச, உயரத்தில் வேறு திசையில் வேகமாக வீசுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய காற்று, சப்பாத்திக் கட்டைபோலப் படுத்தபடியே உருள்கிறது. கண்ணுக்குத் தெரியாத கட்டை! அப்போது கீழிருந்து வெப்பக் காற்று குபீரென்று எழும்பினால், படுத்திருந்த கட்டையை நிமிர்த்தி நிறுத்திவிடுகிறது. இப்போது மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இதற்குப் பெயர் சூப்பர்செல். அப்படிச் சுழலும் மேகங்களிலும் சிலவற்றுக்கு மட்டும்தான் அடியிலிருந்து யானைத் தும்பிக்கைபோல ஒன்று தரையைத் தொடும். அதுதான் டொர்னாடோ. எந்த மேகம் இறக்கும், எது ஏமாற்றும்? காலையில் வரைபடத்தைப் பார்த்து, மாணவர்கள் கணித்துச் சொல்ல வேண்டும். இதற்கு எந்த நோட்ஸும் உதவாது.

கணித்த இடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். போய் நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இந்தப் புயல்கள் பெரும்பாலும் வடகிழக்காகவோ கிழக்காகவோ நகரும் என்பதால், தென்கிழக்குப் பக்கம் நின்றால் ஆலங்கட்டி மழையில் சிக்காமல் சுழலும் பகுதியைப் பார்க்கலாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வழியும் கையில் இருக்க வேண்டும். சமவெளிச் சாலைகள் பல இடங்களில் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல ஓடுவது பெரிய வசதி.

அப்புறம், யாரும் தம்ப்நெயிலில் போடாத உண்மை: பல நாள் எதுவுமே வராது. கணிப்பு பிரமாதமாக இருக்கும், மேலே பார்த்தால் நீல வானம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு, பெட்ரோல் பங்க் சிப்ஸ் பாக்கெட்டோடு அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏன் தப்பியது என்று யோசிப்பதும் பாடத்தில் சேர்த்தி.

இப்படி ஒரு வகுப்பு கிடைத்தால் நீங்கள் சேர்வீர்களா? சேர்வதென்றால், வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள்? அதைக் கட்டாயம் கமென்ட்டில் போடுங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.