திரும்பி வந்தவர்களுக்கு என்ன மரியாதை?

தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பெட்ஃபோர்ட் என்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மலையோரம் இருக்கும் ஒரு சிறிய ஊர். 1944-இல் அங்கே ஏறக்குறைய 3,200 பேர் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த அந்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அந்த ஒரே நாளில் பெட்ஃபோர்டும் அதன் சுற்றுவட்டாரமும் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை இழந்தன. மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால், அன்று இவ்வளவு பெரிய அடி வாங்கிய வேறு அமெரிக்க ஊர் இல்லை என்கிறார்கள்.

ஒரே ஊர்க்காரர்கள் எப்படி ஒரே இடத்தில் போய் நின்றார்கள்? அவர்கள் தேசியக் காவல் படையில், அதாவது அந்தந்த ஊர் ஆட்களைச் சேர்த்துப் பகுதி நேரமாகப் பயிற்சி தரும் படையில், சேர்ந்திருந்தார்கள். பொருளாதார மந்தம் ஊரைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. பயிற்சிக்குப் போனால் ஒரு டாலர் கிடைக்கும். மேடைப் பேச்சுகளில் இந்த டாலரை மறைத்துவிடுவார்கள். நான் மறைக்கப் போவதில்லை. நாட்டுப்பற்று இருந்தது, நண்பன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்ந்ததும் இருந்தது, வீட்டில் பணமுடையும் இருந்தது. 1941 பிப்ரவரியில், ஓராண்டுப் பணி என்று சொல்லித்தான் அவர்களை அழைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானின் குண்டு விழுந்தது, அமெரிக்கா போருக்குள் வந்தது. 1942 செப்டம்பரில் ‘குயீன் மேரி’ கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தின் முடிவில், காவலுக்கு வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் மீது அவர்களுடைய கப்பலே மோதி அதை இரண்டாகப் பிளந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்த முதல் சாவுகள் அவை.

ஒரே ஊர்க்காரர்களை ஒரே அணியில் வைக்கும் இந்த ஏற்பாட்டின் விலை முதல் உலகப் போரிலேயே தெரிந்திருந்தது. 1914-இல் பிரிட்டனில், நண்பர்களும் தெருக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே போரிடலாம் என்று வாக்குறுதி கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள். ஆக்ரிங்டன் நகரத்தின் பெயரைத் தாங்கிய அணியில் முன்னேறிய சுமார் 720 பேரில் 584 பேர் அரைமணி நேரத்துக்குள் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். செய்தித்தாள்களோ வெற்றி என்று எழுதின. உண்மையைச் சொல் என்று கேட்டு மக்கள் மேயரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்களாம். மாலை, சிலை எதற்கும் முன்னால் அந்த ஊர் முதலில் கேட்டது உண்மையைத்தான்.

இனி நார்மண்டியில் படைகள் இறங்கிய கரைகளில் ஒன்றான ஓமாஹா கரைக்கு வருகிறேன். பெட்ஃபோர்ட் பிள்ளைகள் இருந்தது 116-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் ஏ கம்பெனி. வியர்வில் கிராமத்துக்கு ஏறும் பாதைக்கு நேர் எதிரே, முதல் அலையில் அவர்கள் இறங்க வேண்டும். விமானங்கள் கரையைக் குண்டுகளால் குழிகுழியாக்கி வைத்திருக்கும், அந்தக் குழிகளில் பதுங்கி முன்னேறலாம் என்பது திட்டம். அன்று மேகம் மூடியிருந்தது. சொந்தப் படகுகள் மீது விழுந்துவிடக் கூடாது என்று விமானிகள் சில விநாடிகள் தாமதித்தார்கள். குண்டுகள் கரையைத் தாண்டி, உள்நாட்டு வயல்களில் போய் விழுந்தன. படகுக் கதவுகள் திறந்தபோது மணலில் ஒரு குழிகூட இல்லை. மேட்டிலிருந்த ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. சில நிமிடங்களில் அந்தக் கம்பெனி தலைமை இழந்து செயலிழந்து போனது. அதை நடத்தி வந்த கேப்டன் டெய்லர் ஃபெல்லர்ஸ், அவரும் பெட்ஃபோர்ட்காரர்தான், கரையிலேயே இறந்தார். ஒரு குண்டுகூடச் சுடாமல் இறந்தவர்கள் பலர்.

இந்த இடத்தில் பேச்சாளர்களுக்குச் சங்கடம் வந்துவிடுகிறது. அப்புறம் வெற்றியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வெற்றி உண்மைதான். அடுத்தடுத்து வந்த அணிகளில் சில, சற்றுக் கிழக்கே விலகி, புகை மறைத்த பகுதியில் இறங்கி, மேடேறி, முற்பகலுக்குள் வியர்வில் கிராமத்தை அடைந்தன. ஆனால் ஏ கம்பெனிக்காரர்கள் செய்தது அது அல்ல. அவர்களை எதிரியை வீழ்த்திய கதையின் நாயகர்களாக்கினால், அவர்களுக்கு நடந்ததை நாம் அழித்துவிடுகிறோம். அந்தக் கதவு திறந்ததும் அவர்கள் வெளியே போனார்கள். நான் வணங்குவது அந்தக் காலடியைத்தான். திட்டம் தவறியதற்குப் பொறுப்பு அவர்களுடையது அல்ல.

ஏ கம்பெனியின் ஒரு படகு கரையைத் தொடுவதற்கு முன்பே மூழ்கியது. அதிலிருந்த பெரும்பாலோர் மீட்கப்பட்டு இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இரட்டையர். அவருடைய சகோதரன் வேறொரு படகில் இருந்தான். புறப்படும் முன் சகோதரன் கைகுலுக்கக் கை நீட்டினான். இவர் மறுத்தார். “வியர்வில் நாற்சந்தியில் குலுக்கிக்கொள்வோம்” என்றார். சில நாள் கழித்து அதே கரைக்கு வந்தபோது, புதுமண் மேடுகளுக்கு நடுவே அடையாளத் தகடுகளைத் தேடி, சகோதரனின் கல்லறையைத்தான் கண்டார். அந்தக் கையைப் பற்றாமல் விட்டதை அவர் முதுமை வரை சொல்லிச் சொல்லி வருந்தினார். நல்வாய்ப்பாகப் பிழைத்தவர் என்று அவரைப் பாராட்ட எந்தப் பேச்சாளரால் முடியும்?

ஊருக்குச் செய்தி உடனே வரவில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, ஜூலை 17-ஆம் தேதி காலை, ஒரு மருந்துக் கடைக்குள் இருந்த தந்திக் கருவி போர்த்துறையின் வருத்தச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடத் தொடங்கியது. அங்கே வேலை செய்த இளம்பெண்ணுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்த பெயர்கள். கையில் கிடைத்தவர்களிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினாள்.

அதே வீடுகளுக்கு இடையேதான் உயிர் தப்பியவர்கள் திரும்பி வந்து வாழ வேண்டியிருந்தது. எதிரே வரும் அம்மா கேட்கிறாள்: என் மகன் எப்படி இறந்தான், வலித்ததா? அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏ கம்பெனியின் அதிகாரி ஒருவர் கரையில் காயம்பட்டுப் பிழைத்தவர். ஊர் திரும்பி, கிராமப்புறத் தபால்காரராக வேலை பார்த்தார். மகனை இழந்த குடும்பங்களின் ஊரில்தான் அவர் நாள்தோறும் கடிதங்களோடு சுற்றினார். பெட்ஃபோர்ட் பிள்ளைகளில் கடைசியாக மறைந்தவர் அவர்தான். 2009-இல், 94 வயதில்.

ஊர் மறந்துவிடவில்லை. 1954-இல், பத்தாம் ஆண்டு நினைவில், நீதிமன்ற வளாகத்தில் நார்மண்டிக் கல்லால் ஒரு சின்னம் வைத்தார்கள். பிறகு 2001 ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்காவின் தேசிய டி-டே நினைவகமே அங்கே திறக்கப்பட்டது. டி-டே என்பது நார்மண்டியில் இறங்கிய அந்த நாளின் பெயர். குடியரசுத் தலைவர் புஷ் வந்தார். அதன் வளைவு 44 அடி 6 அங்குல உயரம், 1944 ஜூன் 6 என்ற தேதியை உணர்த்துவதற்காக. அடுத்த ஆண்டே, கட்டிய அறக்கட்டளை கடனில் சிக்கித் திவால் மனு போட்டது. கல் வைப்பதற்கு இருக்கும் வேகம் கணக்கு வைப்பதற்கும் இருந்திருக்கலாம். எனினும் அந்த நாளில் இறந்த நேச நாட்டு வீரர் ஒவ்வொருவரின் பெயரையும் ஆவணம் தேடிச் சரிபார்த்து வெண்கலத்தில் பொறித்தார்களே, அந்த வேலைக்கு முன்னால் வளைவெல்லாம் எனக்குச் சிறியதாகத் தெரிகிறது.

ஆகவே, போரிலிருந்து திரும்பிய ஒருவரைப் பெருமைப்படுத்த நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் பக்கத்தில் யார் இருந்தார், அவருக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். திட்டம் தவறியது என்று அவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

முன்வரிசையில் முன்னாள் படைவீரர்கள் சிலர் அமர்ந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். எனக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அவர்களில் யாருக்காவது பேச விருப்பம் இருந்தால் அந்த நேரம் அவர்களுடையது. நன்றி.