ஒரு முழம் மல்லி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகும் மனசு மட்டும் ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இன்றைக்கு ஒரு கைவேலை. பூ கட்டுவது. ஊசியில் கோர்ப்பது வேறு, அது எனக்குக் கொஞ்சம் ஆகாது. நாரில் வைத்துக் கட்டுவதைத்தான் சொல்கிறேன்.

இது ஏன் மனசை இளக்குகிறது என்றால், முதல் காரணம், இரண்டு கையும் வேண்டும். இடது கை பூவை அமுக்கிப் பிடித்திருக்கும், வலது கை நாரைச் சுற்றும். இரண்டும் ஈரம். போனை எடுக்க வழியே இல்லை. காதும் வாயும் சும்மாதான் இருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், இதோ இப்படி ரேடியோ கேட்கலாம். இரண்டாவது, முடிவு கண்ணுக்குத் தெரியும். முழங்கை தொடங்கி நடுவிரல் நுனி வரை வந்துவிட்டால் ஒரு முழம். நம் வேலைகளில் எத்தனை அப்படிக் கையால் அளந்து முடிகின்றன?

பொம்பளை வேலை என்று நினைக்கிற ஆண்கள் எந்த ஊர்ப் பூக்கடையிலாவது இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள், கட்டிக்கொண்டிருப்பவர்களில் ஆண்களும் இருப்பார்கள். பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர்கள்தானே.

சரி, பூ. பழகுகிறவர்களுக்கு மல்லி மொட்டுதான் தோது. மதுரை மல்லி, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது, காம்பு தடித்து மொட்டு திரண்டு இருக்கும், விரலுக்குப் பிடி கிடைக்கும். மார்கழி, தையில் பழக ஆரம்பிக்காதீர்கள். பனியில் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், ஒரு மொட்டு உடைந்தாலும் மனசு பதறும். பதற்றம் போகத்தானே உட்காருகிறோம்! சித்திரை, வைகாசியில் மல்லி குவியும், மலிவாகவும் கிடைக்கும். அதுதான் பழகும் காலம். 100 கிராம் வாங்கினால் நெருக்கிக் கட்டி இரண்டு முழத்துக்குக் குறையாமல் வரும். முதல் நாளைக்கு 50 கிராம் போதும். பொறுமை அவ்வளவுதான் நிற்கும்.

காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாய் திறக்க ஆரம்பிக்கும். மலர்ந்த பூவைக் கட்டினால் இதழ் நசுங்கிப் பழுப்பேறும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், மலர்வது தள்ளிப்போகும். பிளாஸ்டிக் பையில் அப்படியே கட்டிவைத்தால் புழுங்கி அழுகிவிடும். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார், சொட்டும் அந்த ஈரத்தோடு சுற்றிவைக்காமல், முதலில் பருத்தித் துணியில் பரப்பி ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். ஃபேனுக்குக் கீழே வேண்டாம், காம்பு வாடிவிடும்.

இப்போது நார். இதில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் பூ கட்டக் கற்றுக்கொண்டு பாதியில் விட்டால், அதில் எட்டுப் பேரை விரட்டியது பூ இல்லை, நார்தான் என்பேன். தையல் மெஷின் நூலை எடுத்து வந்து உட்காருவார்கள். அது மெல்லிசு, வழவழப்பு. இழுத்தால் காம்பை அறுக்கும், இழுக்காவிட்டால் முடிச்சு நழுவும். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. எரிச்சல்தான் மிச்சம். வாழைநார் அப்படி இல்லை. பட்டையாக இருக்கும், காம்பை அணைத்துப் பிடிக்கும், ஈரம் குடித்து வைத்திருக்கும், அந்த ஈரம் பூவுக்கும் போகும். காய்ந்த நாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பிழிந்து, நகத்தால் கீறி, தீக்குச்சியில் பாதி அகலத்துக்குக் கிழியுங்கள். கிழித்ததை ஈரத்துணிக்குள் வைத்து ஒவ்வொன்றாக உருவுங்கள். கட்டும்போது பட்டென்று அறுந்தால், நார் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையைத் திட்ட வேண்டாம், நாரை நனையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நாரை நனையுங்கள். வாழைநார் கிடைக்காத ஊரில் பூக்கடைகளில் விற்கிற பருத்தி நூல் பரவாயில்லை, அதையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கட்டும் விதத்தை வாயால் சொல்வது சிரமம். வீட்டில் தெரிந்தவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பாருங்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாரின் நுனி இடது கையில். இரண்டு மொட்டுத் தலை இடது பக்கம் பார்க்க, இரண்டு வலது பக்கம் பார்க்க, நான்கு காம்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. கட்டைவிரலால் அமுக்குங்கள். வலது கையால் நாரைக் காம்புகள்மேல் ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு நாரை வலது ஆட்காட்டி விரலில் மாட்டி, விரலை ஒரு திருப்புத் திருப்பினால் ஒரு வளையம் விழும். அந்த வளையத்தைப் பூத்தலைக்கு மேலாகப் போட்டு, காம்புக்கு இறக்கி, இழுங்கள். அவ்வளவுதான். அடுத்த நான்கு மொட்டு, முந்தினதை ஒட்டி.

எங்கே பிசகும்? முடிச்சு மொட்டின் வெள்ளைப் பாகத்தில் விழுந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். பச்சைக் காம்பில் விழ வேண்டும். வளையத்தை ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் அப்படியும் திருப்பினால் சரம் முறுக்கிக்கொள்ளும். எப்போதும் ஒரே பக்கம் திருப்புங்கள். சின்ன மொட்டும் பெரிய மொட்டும் கலந்தால் சின்னது நழுவி விழும், அதனால் உட்கார்ந்தவுடன் தரம் பிரித்துவிடுங்கள். அந்தப் பிரிக்கிற வேலையே பாதி ஆறுதல், அதை அவசரப்படுத்தாதீர்கள். இழுப்பது எவ்வளவு என்று கேட்பீர்கள். காம்பு வளையக் கூடாது, பூவைப் பிடித்து லேசாக ஆட்டினால் கழலவும் கூடாது. நாலைந்து மொட்டு அறுபட்டபின் விரலுக்கே தெரிந்துவிடும்.

அறுபட்ட மொட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுங்கள், ராத்திரி அங்கேயே மலர்ந்து அறையெல்லாம் மணக்கும்.

கனகாம்பரம், மரிக்கொழுந்து வைத்த கதம்பம் பற்றியும், முல்லை, பிச்சி பற்றியும் குறித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறதாம். சுருக்கமாக: கனகாம்பரத்துக்குக் காம்பு மெல்லிசு, மல்லி கை பழகிய பிறகு தொடுங்கள். கதம்பத்தில் மரிக்கொழுந்தைத் தனியாகக் கட்டாமல் நாலு மொட்டோடு ஒரு சின்னக் கொத்தாகச் சேர்த்து வையுங்கள். முல்லைக்கு மல்லியைவிட மெல்லிய நார்.

சரம் முடிக்கும்போது கடைசி வளையத்தை இரண்டு தரம் போட்டு, நாரை நாலு விரற்கடை மிச்சம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் கூந்தலில் செருகும்போதே அவிழ்ந்துவிடும். வணக்கம்.