வெள்ளம் வருமுன் அணை

(மாவட்டக் கபடிக் கழகம் ஒன்றின் பொன்விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கழகத்தைத் தோளில் சுமந்துவரும் செயலாளர் ஐயா அவர்களே, இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராக இங்கே வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, என்னிடம் படித்து இன்று என்னைவிட உயர்ந்து நிற்கும் மாணவச் செல்வங்களே, மண்ணில் உட்கார்ந்திருக்கும் விளையாட்டு வீரர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அடுத்த மாதமே செங்கல் வந்து இறங்கியது. அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அழைப்பிதழில் என் தலைப்பை 'உலக விளையாட்டுப் போட்டிகளில் மருத்துவ ஏற்பாடுகள்' என்று போட்டிருக்கிறார்கள். இதயம், வெயில், கூட்டம் என்று மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் அம்மா ஆற்றங்கரை ஊர்க்காரர். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, "வெள்ளம் வருமுன் அணை போடு" என்று சொல்லிச் சொல்லி எங்களை மண் சுமக்க வைப்பார். அந்தப் பழமொழிதான் எனக்குக் கைவிளக்கு.

2021 ஜூன் 12. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரம், பார்க்கன் மைதானம். ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை. டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடுகின்றன. 43ஆவது நிமிடம். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், வயது 29, கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்தை வாங்க ஓடுகிறார். யாரும் இடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. அப்படியே தள்ளாடிக் குப்புற விழுந்தார்.

நடுவர் அந்தோனி டெய்லர் சில விநாடிகளில் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களைக் கூப்பிட்டார். கேப்டன் சைமன் கியேர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைக்க உதவினார். அணி மருத்துவர் மார்ட்டன் பூசன் வந்து தொட்டபோது மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது. திடீரென்று இரண்டும் நின்றன. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். கூட இருந்த ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுற்றி வளையமாக நின்றார்கள். முதுகு நண்பன் பக்கம், முகம் வெளிப்பக்கம். பல பேர் கண்ணில் நீர். ஆனாலும் வளையம் கலையவில்லை. உள்ளே மருத்துவர் வேலை செய்ய இடம் இருந்தது, காற்று இருந்தது.

இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்தது. ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள். இதயம் மறுபடி துடித்தது! அங்கே உதவிக்கு வந்த ஜெர்மன் மருத்துவர் ஒருவர் பிறகு பேட்டியில் சொன்னார். "எங்களிடம் திரும்பி வந்துவிட்டீர்களா?" என்று கேட்டாராம். "வந்துவிட்டேன்" என்ற எரிக்சன், "எனக்கு 29 வயதுதானே ஆகிறது" என்றாராம். தாய்மார்களே, அந்தக் குரலைக் கேட்க அவருடைய வாழ்க்கைத் துணைவி மைதானத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். பின்லாந்து ரசிகர்கள் கொடுத்த கொடியைத் திரையாகப் பிடித்து எரிக்சனை வெளியே கொண்டுபோனார்கள். எதிரணிக் கொடி ஐயா அது. மைதானத்தில் காத்திருந்த கூட்டத்தில் பின்லாந்துக்காரர்கள் "கிறிஸ்டியன்" என்று கத்த, டென்மார்க்காரர்கள் "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி பொருத்திக்கொண்டு அவர் அடுத்த ஆண்டே ஆட வந்தார். கத்தார் உலகக் கோப்பையில் ஆடினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில், விழுந்த நாளிலிருந்து 1,100ஆவது நாள், ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோல் போட்டார்.

2003 ஜூன் 26இல் பிரான்ஸின் லியோன் நகரில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோயே இப்படித்தான் விழுந்தார். 72ஆவது நிமிடம், பக்கத்தில் யாரும் இல்லை. வயது 28. அவர் எழவில்லை.

இதயம் நின்றபின் யாரும் கை வைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைகிறது. அதனால்தான் பெரிய போட்டிகளில் மருத்துவர் எங்கே உட்கார வேண்டும், கருவி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் எந்த வாசலில் போக வேண்டும், எந்த ஆஸ்பத்திரி தயாராக இருக்க வேண்டும் என்று முன்பே எழுதி ஒத்திகையும் பார்த்துவிடுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை.

ஆனால் டென்மார்க்கின் அணை மைதானத்தோடு நிற்கவில்லை. 2005லேயே அங்கே பள்ளிக்கூடத்தில் நெஞ்சு அழுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கவும் அது வேண்டும். இதயம் நின்று விழுந்தவருக்கு அக்கம்பக்கத்தார் கைகொடுத்தது 2001இல் நூற்றுக்கு 21. 2010இல் 45. ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து கிட்டத்தட்ட பதினொன்றாக உயர்ந்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஊர் பெயர் வேண்டாம், இரவு கபடி. ரெய்டு போன பையன் கோட்டைத் தொட்டுத் திரும்பினான், நின்றான், சாய்ந்தான். நாங்கள் எல்லோரும் ஓடினோம். வளையம் போட்டோம். ஆனால் எங்கள் முகம் உள்பக்கம். ஒருவர் சோடா கொண்டுவந்தார். ஒருவர் தண்ணீர் தெளித்தார். வலிப்பு என்று நினைத்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தது நான். பி.டி. மாஸ்டர் நான். ஒரு கை கூட அவன் நெஞ்சில் படவில்லை. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. அவன் அப்பா என்னைத் திட்டவே இல்லை. "சார் கூட இருந்தீங்களே, அதுபோதும்" என்றார். அந்தச் சாவிக்கொத்து இன்னும் என் வீட்டு மேசையில் இருக்கிறது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ விழுந்து மறுநாள் இறந்தார். வெயிலுக்கு அஞ்சி உடம்பெல்லாம் மெழுகு பூசியதால் வியர்வை அடைபட்டது என்பார்கள். 2019இல் தோஹா உலகத் தடகளத்தில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். உடம்புச் சூடு எல்லை மீறும் வெப்ப வாதத்தில் விழுந்தவரை முதலில் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பாடம். சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மாணவர்களை ஓடவிடும் உடற்கல்வி ஆசிரியர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. செயலாளர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

லண்டன் ஒலிம்பிக் கிராமத்தில் 2012இல் வீரர்களுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார்கள். திருவிழா முடிந்ததும் அந்தப் பந்தலை அவர்கள் பிரிக்கவில்லை. பாராலிம்பிக்குக்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மன் பெயரை வைத்து அந்த வட்டார மக்களுக்கே கொடுத்துவிட்டார்கள். நான் கேட்பதும் அதுதான். பொன்விழாப் பந்தல் நாளை பிரியும். பிரியாத ஒன்றை வைத்துவிட்டுப் போவோம்.

108 வரும். வணங்க வேண்டிய சேவை. ஆனால் அது வந்து சேரும் வரை அந்தப் பையனுக்கு யார்? மைதானத்துக்கு ஒரு அதிர்ச்சிக் கருவி, அணிக்கு நெஞ்சு அழுத்தத் தெரிந்த இரண்டு பேர். இது இல்லாத டோர்னமெண்ட்டுக்கு அனுமதி கொடுக்காதீர்கள் என்று விளையாட்டு அலுவலர் அவர்களிடம் நாலு வருஷமாக மனு கொடுத்து வருகிறேன். இன்று ஐந்தாவது மனு. வாங்கிக்கொண்ட அவருக்கு நன்றி. கருவி லட்ச ரூபாய் அளவில் ஆகும். மேடைக்கும் சீரியல் விளக்குக்கும் ஆகிற செலவை ஒரு வருஷம் குறைத்தால் போதும். அழுத்தும் பயிற்சிக்குக் காசே வேண்டாம். நெஞ்சின் நடுவில் இரண்டு கை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை. வெள்ளம் வருமுன் அணை.

மேடைக்குப் பின்னால் பாயின் மேல் இரண்டு பொம்மைகள் இருக்கின்றன. செவிலியர் சகோதரிகள் அங்கே நிற்பார்கள். வீரர்கள், பெற்றோர், சமையல்காரர்கள், மைக்செட் தம்பி, எல்லோரும் வரிசையில் வந்து மண்டியிட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். முதலில் தலைவர் அவர்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பந்தி அதற்குப் பிறகு. வணக்கம்.