மூன்று வகுப்புப் படித்தவர்களின் பிள்ளைகள்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். "கனடாவில் போர்த்துக்கேய வம்சாவளியினருக்கும், இங்கேயே பல தலைமுறையாக வேரூன்றிய குடும்பங்களுக்கும் இடையே படிப்பிலும் வருமானத்திலும் உள்ள இடைவெளிக்குப் பெரிதும் காரணம் வீட்டின் மனப்போக்கா, நாட்டின் அமைப்பா?" நாட்டின் அமைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், போர்த்துக்கேயர் வீடு வாங்குவதில் காட்டிய அக்கறையைப் பிள்ளைகளின் படிப்பில் காட்டவில்லை என்றார். பதினாறு வயதிலேயே மகனைக் கட்டட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். கடைசியில், "நாங்களும் வெறுங்கையோடுதானே வந்தோம், எங்கள் பிள்ளைகள் படிக்கவில்லையா?" என்று கேட்டார். மண்டபம் பலமாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லவேண்டும்.

நடுவர் அவர்களே, நம் கை உண்மையிலேயே வெறுங்கையாகவா இருந்தது? 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. 1983க்குப் பிறகு உயிரைக் காப்பாற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கிய தலைமுறை, அந்தக் கல்வியில் வளர்ந்த தலைமுறை. உணவகத்தில் கோப்பை கழுவினோம், உண்மை. ஆனால் கழுவியவர்களில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எடுத்தவர் இருந்தார், ஊரில் ஆசிரியராக இருந்தவர் இருந்தார், கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் இருந்தார். வீட்டுக்கு ஒரு படிவம் வந்தால் வாசித்தார்கள். விளங்காவிட்டால் அகராதியை எடுத்தார்கள். பிள்ளையின் ஆசிரியரை எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. இதெல்லாம் சொத்து இல்லையா? சூட்கேசில் தெரியாத சொத்து.

இனி அவர்கள் பக்கம் வருவோம். 1953 மே 13ஆம் திகதி ஹாலிஃபக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் இறங்குதுறைக்கு 'சத்தூர்னியா' என்ற கப்பல் வந்தது. இரு அரசுகளும் பேசி முடித்த ஏற்பாட்டின்படி வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட போர்த்துக்கேய ஆண்கள் அதில் இருந்தார்கள். எந்த வேலைக்கு? பண்ணை வேலைக்கு, ரயில் தண்டவாள வேலைக்கு. அவர்களிடம் கனடா கேட்ட தகுதி உடல் பலம் ஒன்றுதான். பின்னால் வந்தவர்களில் பெரும்பகுதியினர் அட்லாண்டிக் கடலில் கிடக்கும் அசோர்ஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அதிலும் சாவோ மிகேல் தீவுக்காரர்கள். அடுத்தவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுத குடும்பங்கள் அங்கே ஏராளம்.

அவர்கள் ஏன் படிக்கவில்லை? படிக்கவிடாத ஆட்சி. சர்வாதிகாரி சலசாரின் போர்த்துக்கலில் கட்டாயக் கல்வி பல ஆண்டுகளுக்கு வெறும் மூன்று வகுப்புத்தான். 1956இல் ஆண் பிள்ளைகளுக்கு நான்கு வருடமாக்கினார்கள். பெண் பிள்ளைக்கு அந்த நான்காவது வருடம் கிடைக்க 1960 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆறு வருடமானது 1964இல். 1950இல் அந்த நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிப்பை மதிக்காத சமூகம் என்று எதிரணி சொல்கிறது. படிப்பு எப்படியிருக்கும் என்று கண்ணால் காணக் கொடுத்துவைக்காத சமூகம் என்று நான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர்களைத் தெரிந்தேதான் கனடா கூப்பிட்டது. கூப்பிட்ட நாட்டுக்கு ஒரு கடமை இருக்கிறதல்லவா? அப்பாவுக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுக்கிற கடமை. அதை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்ல, என் வீட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் என் அப்பா ரொறன்ரோ நகர மையத்தில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை செய்தார். அவருடைய மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் சாவோ மிகேல் தீவைச் சேர்ந்த ஓர் அம்மா. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. முதல் நாள் அதைக் காட்டி அவர் ஏதோ சொன்னபோது அப்பாவுக்கு விளங்கிவிட்டதாம். அவர்களுக்கும் அது 'ஷாவ்', நமக்குச் 'சாவி'. பிறகு மேசை, ஜன்னல், அலமாரி, காலில் போட்ட சப்பாத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லி, இருவரும் ஒரே சொற்களைக் கண்டுபிடித்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், முந்நூற்றைம்பது வருடம் கழித்து இரண்டு கூலித் தொழிலாளரைப் பேசவைத்தன.

ஒருநாள் அந்த அம்மா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தார். மகன் எட்டாம் வகுப்பு. பாடசாலை அனுப்பிய கடிதம், முழுக்க ஆங்கிலம். ஒன்பதாம் வகுப்பில் மகனை அடிப்படை நிலைக்கு அனுப்பச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கையால் செய்யும் வேலை அவனுக்கு நன்றாக வருகிறது, தொழிற் பாடசாலை பொருத்தம் என்று பாராட்டுப்போல எழுதியிருந்தது. அப்பா வாசித்து முடித்து, கையெழுத்துப் போடவேண்டாம், போய் ஆசிரியரைப் பாருங்கள் என்றார். அந்த அம்மா சொன்னாராம், அதன் பிரதியில் போன கிழமையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், மகனைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன், உனக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன் என்று.

நடுவர் அவர்களே, இது ஒரு தாயின் கதை மட்டுமாக இருந்தால் இந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டேன். அன்றைக்கு ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் உயர்பள்ளிகளில் அடிப்படை, பொது, உயர்நிலை என்று மூன்று தளங்கள் இருந்தன. அடிப்படைத் தளத்தில் விழுந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு பதினான்கு வயதிலேயே மூடிவிடும். பொதுத் தளத்திலிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிடையாது. போர்த்துக்கேயப் பிள்ளைகள் கீழ்த்தளங்களிலும் சிறப்புக் கல்வி வகுப்புகளிலும் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். இதைச் சொன்னது வெளியாள் இல்லை, ரொறன்ரோ கல்விச் சபை தன் மாணவரிடம் எடுத்த கணக்கெடுப்பு. போர்த்துக்கேயப் பெற்றோர் கூடிப் போய்ச் சபையிடம் முறையிட்டார்கள். அக்கறையில்லாத பெற்றோர் செய்கிற காரியமா அது?

தளம் பிரிக்கும் பழக்கம் பெயர் மாறி மாறித் தொடர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் அதை நீக்கத் தொடங்கியது 2021இல், முதலில் கணிதத்தில். மற்றப் பாடங்களில் 2022இல். அதாவது சத்தூர்னியா கப்பலில் வந்தவரின் கொள்ளுப்பேரன் பள்ளிக்குப் போகும் காலத்தில்! தவறு என்று அரசே ஒப்புக்கொண்டு திருத்திய ஒன்றுக்கு, குடும்பத்தின் மனப்போக்கைக் குற்றம் சொல்வது எப்படி நியாயம்?

சரி, பதினாறு வயதில் வேலைக்குப் போனார்கள் என்ற குற்றச்சாட்டு. போனார்கள், மறுக்கவில்லை. 2006 வரை ஒன்ராறியோவில் பதினாறு வயதில் பள்ளியை விடச் சட்டமே இடம்கொடுத்தது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் சுற்றிப் பார்க்கிறான். இந்த வகுப்பின் முடிவில் பட்டம் இல்லை. அப்பா வேலை செய்யும் கொங்கிறீற் தளத்திலோ தொழிற்சங்கச் சம்பளம் இருக்கிறது. லியூனா 183ஆம் கிளை போன்ற சங்கங்கள் போராடி வாங்கிக் கொடுத்த சம்பளம், நல்ல சம்பளம். அவன் போட்ட கணக்கில் பிழை இல்லை. அவனுக்கு முன்னால் வைக்கப்பட்ட கணக்கே அதுதான்.

இதன் பலனை 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். போர்த்துக்கேய வம்சாவளி என்று சொன்னவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 8 சதவீதம், முழு நாட்டுக்கும் 15 சதவீதம். பாதி! ஆனால் வேலையில் இருப்போரின் விகிதம் நாட்டின் விகிதத்தைவிடக் கூடுதல். வருமானத்தில் வித்தியாசம் இருந்தாலும் அது பட்டத்தில் உள்ள வித்தியாசம் அளவுக்குப் பெரிதில்லை. எதிரணி இதைக் கவனிக்கவேண்டும். சோம்பேறிகளாக இருந்தால் வேலையில்தான் முதலில் குறை தெரியும். அங்கே குறை இல்லை. பள்ளிக்கூடம் தொட்ட இடத்தில்தான் பள்ளம் விழுந்திருக்கிறது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்சிங்டன் சந்தையைச் சுற்றியும் டண்டாஸ் வீதி மேற்கிலும் பழைய வீடுகளை வாங்கி, மேல்மாடியை வாடகைக்கு விட்டு, பேஸ்மென்டில் தாங்கள் இருந்து, மோட்கேஜை வேகமாகக் கட்டி முடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குத்தகை நிலத்தில் நின்றவனுக்குச் சொந்தக் கதவு என்றால் என்ன என்று, ஊரில் வீட்டை இழந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு விளங்கவேண்டாமா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அனா பைலாவ் அவர்களின் பெயரைச் சொன்னார். பதினைந்து வயதில் வந்து, பாடசாலை முடிந்ததும் அம்மாவோடு அலுவலகங்களைத் துப்புரவு செய்து, பின்னால் ரொறன்ரோவின் துணை நகரபிதாவானவர். 2013 முதல் 2018 வரை ஒன்ராறியோவின் நிதியமைச்சராக இருந்த சார்ல்ஸ் சூசாவையும் சேர்த்துச் சொல்கிறேன், அவருடைய அப்பா சத்தூர்னியாவில் வந்தவர். இருவரையும் வணங்குகிறேன். ஆனால் வேரூன்றிய குடும்பத்துப் பிள்ளை, அலுவலகத் தரையைத் துடைத்துவிட்டுத்தானா வீட்டுப்பாடம் செய்தது? ஒரே இடத்துக்குப் போக ஒரு பிள்ளைக்கு மட்டும் மலையேறும் பாதையைக் கொடுத்துவிட்டு, ஏறிய ஒருவரைக் காட்டி ஏறாத ஆயிரம் பேரைக் குறைசொல்லலாமா?

அந்தத் துப்புரவுத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984 கோடையில், அன்றைக்கு நாட்டிலேயே மிக உயரமான கட்டடமான 72 மாடி ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸின் துப்புரவுப் பெண்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் போர்த்துக்கேயப் பெண்கள். ஆங்கிலம் சரியாக வராது, மூன்று வகுப்புப் படிப்பு, வீட்டில் பிள்ளைகள். அப்படியும் வீதியில் நின்றார்கள், சம்பள உயர்வு வாங்கினார்கள். ஆனால் சட்டம் என்ன செய்தது தெரியுமா? கட்டடக்காரர் ஒப்பந்தத்தை வேறு கம்பெனிக்கு மாற்றினால் தொழிற்சங்க உடன்பாடு அதோடு செத்துவிடும். புதுக் கம்பெனியில் மறுபடி சங்கம் அமைக்கவேண்டும், மறுபடி அடிமட்டச் சம்பளம். 1993இல்தான் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். 1995இல் ஆட்சி மாறியது, திரும்பவும் திறந்துவிட்டார்கள். பத்து வருடம் உழைத்த அம்மாவின் சம்பளம் முதல் வருடச் சம்பளத்துக்கு இறங்கினால், அந்த வீட்டு மேசையில் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றிய பேச்சு எப்படி வரும்? இதில் எங்கே இருக்கிறது மனப்போக்கு?

இன்னும் ஒன்று. குடிவரவுக்கு 1967இல் வந்த புள்ளி முறை படிப்புக்கும் மொழிக்கும் புள்ளி கொடுத்தது. கல் அடுக்கத் தெரிந்த கைக்கு அது பெரிதாக இடம்கொடுக்கவில்லை. கட்டடத் தொழிலுக்கோ அந்தக் கை எப்போதும் வேண்டும். அதனால் ஆவணமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள், முதலாளிகளும் வேலை கொடுத்தார்கள். 2006 வசந்தத்தில் போர்த்துக்கேயத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். இங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பாதிக் கல்வியாண்டில் விமானம் ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்பு முறிந்ததும் வீட்டின் மனப்போக்கால்தானா?

அப்பா மூன்று வருடத்தில் அந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனார். தம்பிக்கும் எனக்கும் எட்டாம் வகுப்பில் அதே மாதிரிக் கடிதங்கள் வந்தன. அப்பா வாசித்தார், பாடசாலைக்குப் போனார், பேசினார். நான் இன்றைக்கு இந்த மேடையில் பட்டதாரியாக நிற்கிறேன். அந்த அம்மாவின் மகன் கூரை போடும் வேலைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். என் அப்பாவுக்கு என்மேல் இருந்த ஆசை, அந்த அம்மாவுக்குத் தன் மகன்மேல் இருந்த ஆசையைவிடக் கூடுதல் என்று என்னால் சொல்லமுடியாது. அந்தக் கடிதத்தை அவர் மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

எனக்கு அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அந்தக் கடிதத்தைப் போர்த்துக்கேய மொழியில், "இதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் மகன் பல்கலைக்கழகம் போகமுடியாது" என்ற ஒரு வரியோடு அனுப்பியிருந்தால், அந்தத் தாய் கையெழுத்துப் போட்டிருப்பாரா? அவர் பதில் சொல்லட்டும், பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.